செல்ல எலி வளர்ப்பு: திருகோணமலை வீட்டுக்கு எது பொருந்தும்?

வீட்டில் எலி வளர்க்கலாம் என்று எண்ணத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது கூட்டின் விலையைத்தான். திருகோணமலையில் அதற்கு முன்பாகத் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கூடு வீட்டின் எந்த அறையில் இருக்கப்போகிறது என்பதே அது. எத்தனை எலி, ஆணா பெண்ணா, கம்பிக் கூடா கண்ணாடித் தொட்டியா, எதை விரிப்பாக இடுவது, எதை உணவாகக் கொடுப்பது என்ற மற்றத் தெரிவுகள் யாவும் அறை முடிவான பின்னரே பொருள்படும். வெக்கையையும் கெட்ட காற்றையும் தவிர்த்துவிட்டால், இந்த ஊரில் எலி வளர்ப்பின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வுகூட எலிகளைப் பராமரிப்பதற்கான நெறிமுறைகள் 20 முதல் 26 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையைப் பரிந்துரைக்கின்றன. நமது நகரிலோ மே முதல் ஆகஸ்ட் வரை பகல் வெப்பநிலை 34 பாகையைத் தொடுவது வழமை. கச்சான் காற்று வீசும் நாட்களில் கடற்காற்று எழும்பும்வரை வீட்டுக்குள் மனிதர் இருப்பதே சிரமமாக இருக்கும். எலிக்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மிகுதி வெப்பத்தை அது பெரும்பாலும் தன் மயிரற்ற வாலின் இரத்தக் குழாய்கள் வழியாகவே வெளியேற்றுகிறது. அதுவும் போதாதபோது உமிழ்நீரை எடுத்து உடலில் பூசிக்கொள்கிறது. வெக்கை தாங்காத எலி, வயிறு முழுவதும் தரையில் படும்படி நான்கு கால்களையும் பரப்பி, வாலை உடலிலிருந்து விலக்கி நீட்டி, தாடைக்குக் கீழுள்ள மயிர் நனைந்து ஒட்டியிருக்கக் கிடக்கும். தட்டினாலும் எழும்பாத நிலைக்கு அது போய்விட்டால், வாலையும் பாதங்களையும் குளிர்ந்த, ஆனால் ஐஸ் போடாத தண்ணீரால் நனைத்தபடி உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இந்த இடத்தில் மின்விசிறியை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. மின்விசிறியின் காற்று நமக்குச் சுகமாக இருப்பது, அது நம் தோலிலுள்ள வியர்வையை ஆவியாக்குவதால் ஆகும். வியர்க்காத எலிக்கு அதே காற்று அந்த அளவுக்கு உதவாது. நேராகக் கூட்டின் மீது அடித்தால் தூசியைக் கிளப்பி மூச்சுக்குக் கெடுதலும் செய்யும். அதைக் காட்டிலும் கூட்டுக்குள் இரண்டு வெறும் தரையோடுகளை வைப்பதும், உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் படுக்கவைப்பதும், அகலமான தட்டில் ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு வைப்பதும் உண்மையான பயன் தருவன.

அப்படியானால் எந்த அறை? பலருக்கும் முதலில் தோன்றுவது விறாந்தை. காற்றோட்டம் உண்டு, வீட்டுக்குள் மணம் வராது, கூட்டிக் கழுவுவதும் இலகு. ஆயினும் உப்புவெளி, திருக்கடலூர்ப் பக்கத்துக் கடலோர வீடுகளில் விறாந்தை என்பது பூனைக்கும் சாரைப்பாம்புக்கும் காட்டு எலிக்கும் திறந்திருக்கும் இடம். கம்பிகளுக்கிடையே பாம்பு நுழையாவிட்டாலும், இரவு முழுவதும் அதன் மணத்தை உணர்ந்துகொண்டிருக்கும் எலி நிம்மதியாக உண்ணாது, உறங்காது. காட்டு எலி அருகே வந்து கூட்டின் மேல் ஏறிச் சிறுநீர் கழித்துவிட்டுப் போவது அதைவிட ஆபத்தானது; அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

குசினி இரண்டாவது தெரிவு. குசினியை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். தாளிக்கும் புகை, மிளகாய் வறுக்கும் நெடி, அளவுக்கு மீறிச் சூடேறிய ஒட்டாத சட்டியின் ஆவி ஆகியவை எலியின் சிறிய நுரையீரலுக்கு மிகக் கடுமையானவை. நாம் உண்ணும் இடத்தில் எந்தப் பிராணியின் கூடும் இருக்கக் கூடாது என்பதும் வீட்டுச் சுகாதாரத்தின் அடிப்படை.

மூன்றாவது, மாடியறை. பிள்ளைகள் தங்கள் அறையில் வைத்திருக்கவே விரும்புவார்கள் என்பதால் இது அடிக்கடி எழும் கோரிக்கை. மேலே கொங்கிறீட் தட்டு இல்லாமல் தகரமோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ நேரடியாக இருக்கும் அறையென்றால், பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே சென்று கூடு வைக்க எண்ணிய இடத்தில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குளிரூட்டி இருக்கிறதே என்பது போதிய விடையாகாது. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் எவரும் மறந்திருக்கமாட்டோம். பகல் முழுவதும் வேலைக்கும் பாடசாலைக்கும் சென்றுவிடும் குடும்பத்தில், மின்சாரம் நின்றதை அறியவே மாலையாகிவிடும். மின்சாரம் இல்லாவிட்டாலும் உயிர் தாங்கக்கூடிய அறையையே தெரிவு செய்ய வேண்டும். குளிரூட்டி மேலதிக வசதியாக இருக்கட்டும்.

எஞ்சுவது, நிலத்தளத்தில், மேலே தட்டோ ஓடும் மரச்சீலிங்கும் சேர்ந்த கூரையோ உள்ள, மேற்கு வெயில் சுவரில் நேராகப் படாத ஓர் உள்ளறை அல்லது ஹோலின் ஒரு மூலை. நான் பரிந்துரைப்பது இதையே. யன்னலுக்கு நுளம்பு வலை இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் நுளம்புச் சுருள் கொளுத்தும் அறையில் எலி வளர்க்க முடியாது. சாம்பிராணிக்கும் இது பொருந்தும். டெங்குக்காகச் சுகாதாரப் பகுதியினர் புகை விசிற வரும் நாளில், கூட்டைத் துணியால் மூடி எதிர்ப்பக்க அறைக்கு மாற்றிவிட்டு, காற்று தெளிந்த பின்னரே திரும்பக் கொண்டுவர வேண்டும். சிவந்த கண்களையுடைய வெள்ளை எலியென்றால் பிரகாசமான வெளிச்சமும் அதன் விழித்திரையைக் கெடுக்கும். ஆகவே மூலை சற்று இருட்டாக இருப்பது குறையன்று.

அடுத்த முடிவு எந்த எலி என்பதாகும். மச்சில் கூடு கட்டிய எலி குட்டி போட்டுவிட்டது, கண் திறக்காத குஞ்சுகளை எடுத்து வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இரக்கம் மதிக்கத்தக்கது, ஆனாலும் வேண்டாம். வளர்ப்பு எலி என்று உலகெங்கும் சொல்லப்படுவது பழுப்பு எலியினத்திலிருந்து பல தலைமுறைகளாக மனிதரோடு பழகும் குணம் பார்த்துப் பெருக்கப்பட்ட வழித்தோன்றல். வெள்ளை எலிகளுள் பேர்பெற்ற விஸ்டார் வகை, அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள விஸ்டார் நிறுவனத்தில் 1906 ஆம் ஆண்டு முதல் பெருக்கப்பட்டது. கூரையில் ஓடும் எலிக்கு அந்த வரலாறு இல்லை. கையால் வளர்த்தாலும் பருவம் வந்ததும் அது அஞ்சும், கடிக்கும், ஓடப் பார்க்கும்.

அதைவிடப் பெரிய காரணம் எலிக்காய்ச்சல். காட்டு எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற நுண்ணுயிர், தோலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் மனித உடலுக்குள் நுழைகிறது. கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கங்களில் வயலில் இறங்குபவர்களுக்கு இது புதிய செய்தியன்று. வீட்டில் ஒருவர் வயலுக்குப் போய் வந்து கால் வெடிப்போடு இருக்கும்போது, காட்டு எலிக்குஞ்சொன்றைப் படுக்கையறைக்குள் கொண்டுவருவது அறிவுடைமையாகாது. வளர்ப்பு எலியும் காட்டு எலியோடு தொடர்புபட்டால் இந்த நோயைப் பெறக்கூடும் என்பதனாலேயே விறாந்தை வேண்டாமென்றேன். தீனியைத் தகரப் பேணியில் இறுக மூடி வைப்பதும் அதே காரணத்துக்காகவே. எந்த எலி கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அதன் பின்னர் காய்ச்சல் கண்டால், வீட்டில் எலி வளர்ப்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா என்பதில் எனக்கு ஐயம் எதுவும் இல்லை. எலி கூட்டமாக வாழும் பிராணி. ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படுப்பதும், ஒன்று மற்றொன்றின் கழுத்து மயிரைப் பற்களால் கோதிவிடுவதும், நம் காதுக்கு எட்டாத மிகையொலியில் பேசிக்கொள்வதும் அதன் இயல்பு. மாலையில் ஒரு மணி நேரம் மடியில் வைத்திருக்கும் மனிதர், எஞ்சிய நேரத்துக்கு இன்னோர் எலிக்கு ஈடாகமாட்டார். தனியாக வளர்த்தால் மனிதரோடு கூடுதலாக ஒட்டும் என்று சிலர் சொல்வது சரியென்றே வைத்துக்கொண்டாலும், துணையில்லாத விலங்கின் ஏக்கத்தை நம் ஆசைக்குப் பயன்படுத்துவது நியாயமாகாது.

ஆண் சோடியா, பெண் சோடியா என்பதுதான் உண்மையில் இரு பக்கமும் நிறுத்துப் பார்க்க வேண்டிய கேள்வி. பெண் எலி சிறியது, சுறுசுறுப்பானது, மணம் குறைந்தது. ஏறுவதையும் ஆராய்வதையும் பார்த்துக்கொண்டிருப்பதே இன்பம் என்பவர்களுக்கு அது ஏற்றது. ஆண் எலி அரைக் கிலோ வரை வளரும். அமைதியாக மடியில் கிடக்கும். போகும் இடமெல்லாம் சொட்டுச் சிறுநீரால் அடையாளமிடும். முதுகு மயிர் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். இவ்வளவையும் மட்டும் பார்த்தால் பெரும்பாலானோர் பெண்ணையே தெரிவு செய்வார்கள்.

இருந்தும் இங்குள்ள குடும்பங்களுக்கு நான் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ஆண்களையே பரிந்துரைக்கிறேன். அதற்கு முதற்காரணம் மார்புக் கட்டி. சூலகங்கள் அகற்றப்படாத பெண் எலிகளுக்கு வயது ஒன்றரை தாண்டும்போது மார்புச் சுரப்பியில் கட்டி தோன்றுவது மிகவும் பரவலானது. பெரும்பாலானவை புற்றுநோயாக இல்லாவிட்டாலும், நடக்க முடியாத அளவுக்குப் பருத்துவிடும். அதை அகற்றுவதற்கு இத்தகைய சிறு பிராணிகளுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய வைத்தியர் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை போன்ற ஓரிடத்தை நாட வேண்டியிருந்தால், நோயுற்ற எலியோடு ஹபரணை, தம்புள்ளை வழியாக அந்த நெடும்பயணத்தைச் செய்ய வேண்டும். ஆணுக்கும் நோய்கள் வரும்தான். ஆனால் இந்த ஒன்று அரிது.

இரண்டாவது காரணம், வாங்கும் இடத்தில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் அடைக்கப்பட்டிருந்தால், ஐந்தாறு வாரத்திலேயே பருவமடைந்துவிடும் பெண் எலி நம் கைக்கு வரும்போதே சினைப்பட்டிருக்கலாம். சினைக்காலம் 21 முதல் 23 நாட்கள். ஓர் ஈற்றில் பத்துக் குட்டி என்பது சாதாரணம். குட்டி போட்ட ஒரே நாளுக்குள் மீண்டும் சினைப்படவும் அதனால் முடியும். இரண்டு எலிக்கென்று இடம் ஒதுக்கிய வீடு அந்தப் பெருக்கத்தைத் தாங்காது. ஆணை இனங்காண்பதோ இலகு. வெப்பமான ஊர்களில் இளம் ஆண் எலியின் விதைப்பை வாலடியில் தெளிவாகத் தொங்கும். குளிர்ந்தால்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையான பருவத்தில் ஆண்களுக்கிடையே சண்டை வரக்கூடும் என்பது உண்மை. தள்ளுமுள்ளும் கீச்சிடலும் பொருட்படுத்தத் தக்கவையல்ல. இரத்தம் வந்தால் மட்டும் பிரித்து வைத்து வைத்தியரிடம் ஆலோசிக்க வேண்டும்.

கூட்டைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. கண்ணாடி மீன்தொட்டி கையிலிருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்த எண்ணுபவர்கள், அதில் காற்று அடியில் தேங்கி நிற்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் சுவாசப்பாதையில் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் இளமையிலிருந்தே குடியிருக்கிறது. சிறுநீரிலிருந்து எழும் அமோனியா மூக்கின் உட்தோலை அரிக்க அரிக்க, அடங்கியிருந்த அந்நோய் தலைதூக்கி நிமோனியாவாக முற்றுகிறது. நமது வெக்கையில் அமோனியா இன்னும் விரைவாக எழும்பும். ஆகவே கம்பிக் கூடுதான். இரண்டு எலிக்கு மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரம் என்ற அளவு போதும். கம்பிக்குக் கம்பி அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் குட்டிப் பருவத்தில் தலையை நுழைத்து வெளியேறிவிடும்.

லவ்பேர்ட்ஸ் கூட்டை மாற்றிப் பயன்படுத்துவது மலிவான வழி. அதன் அடிக்கம்பியின் மேல் தட்டையான பலகையோ தடித்த பிளாஸ்டிக் விரிப்போ இட்டால் குற்றமில்லை. அப்படி மூடாவிட்டால் பாதத்தில் புண் வரும். ஹாட்வெயார் கடையில் வெல்ட் செய்த வலை வாங்கி வீட்டிலேயே செய்வோர், வெறும் துத்தநாகப் பூச்சுள்ள வலையை உப்புக்காற்றும் சிறுநீரும் சேர்ந்து விரைவில் துருப்பிடிக்கச் செய்யும் என்பதையும், அறுகோணக் கோழிவலையை எலி கடித்து நெளித்துவிடும் என்பதையும் கணக்கிலெடுக்க வேண்டும். கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு இருந்தால், பிளாஸ்டிக் பூச்சிட்ட வலைக்கோ பவுடர் பூச்சுள்ள கூட்டுக்கோ கூடுதலாகச் செலவழிப்பது வீணாகாது.

விரிப்பில் மக்கள் செய்யும் தெரிவு பெரும்பாலும் மரஆலையிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மரத்தூள். எந்த மரத்தின் தூள் என்று தெரியாது, தூசி மிகுதி, பைன் போன்ற மரங்களின் நறுமணப் பொருட்கள் மூச்சுக்கும் ஈரலுக்கும் கேடு. நெல்லுமியின் கூரிய முனைகளும் தென்னந்தும்புத் தூளின் பொடியும் அதே வகைத் தொல்லையைத் தருவன. வெயில்காலத்தில் பழைய சாரம், பருத்திச் சேலைத் துண்டுகளே மிகச் சிறந்தவை. துவைத்துக் காயப்போட்டால் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். நூல் பிரிந்து தொங்கும் ஓரங்களை மட்டும் வெட்டிவிட வேண்டும், இல்லையேல் கால்விரலில் சுற்றிக்கொள்ளும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் துணி காயாது. ஈரத்தோடு திரும்பவும் இட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களுக்கு மட்டும் கிழித்த கடதாசிக்கு மாறி, நனைந்த பகுதியை நாள்தோறும் அள்ளிக் கொட்டிவிடுவதே நல்லது.

உணவில் மூன்று தெரிவுகள் உள்ளன. எலிக்கென்றே தயாரித்த குளிகைத் தீனி தொடர்ச்சியாகக் கிடைத்தால் வேறெதையும் ஆராயத் தேவையில்லை. கிடைக்காதபோது முயல் தீனியையோ கோழித் தீனியையோ முழு உணவாகக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. முயல் தீனியில் நார் மிகுதி, புரதமும் சக்தியும் எலிக்குப் போதாது. முட்டைக் கோழித் தீனியில் சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மீறியது, குஞ்சுத் தீனியில் மருந்து கலந்திருக்கக்கூடும். வீட்டு உணவு இவற்றைவிட மேலானது, ஆனால் திட்டமிட்டதாக இருக்க வேண்டும். உப்பில்லாமல் அவித்த சிவப்பரிசி, குரக்கன், அவித்த பயறு அல்லது கௌபி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, கரட், பூசணி, பசளி போன்றவற்றை நாள்தோறும், அவித்த முட்டையோ முள்ளகற்றிய மீனோ வாரத்தில் இரண்டு மூன்று முறை சேர்க்கலாம். நன்கு வளர்ந்த எலிக்கு உலர் நிறையில் நாளுக்கு 15 முதல் 20 கிராம் போதும். கொழுத்த எலி வெக்கையில் முதலில் சரியும்.

எலியால் வாந்தியெடுக்க முடியாது. கெட்டது உள்ளே போனால் போனதுதான். அதனால் மாரியில் பூஞ்சணம் பிடித்த கச்சான் கடலையையோ கொப்பராவையோ சிறிதும் கொடுக்கக் கூடாது, அதிலுள்ள அஃப்லாடொக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. தோடம்பழத் தோலின் எண்ணெயில் உள்ள லிமொனீன் ஆண் எலிகளின் சிறுநீரகத்தைத் தாக்குவதால், நான் சொன்னபடி ஆண்களை வளர்ப்பவர்கள் அதைக் கூட்டுப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இன்னொன்றையும் இந்த முடிவில் சேர்க்க வேண்டும். எலி இரண்டு முதல் மூன்று ஆண்டுகளே வாழும். வெளிநாடு செல்லவோ மேற்படிப்புக்குப் போகவோ காத்திருக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்தக் குறுகிய காலம் ஒரு வசதி. பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பெரிய துயரம். இதை அம்மம்மாவிடம் அனுமதி கேட்பதற்கு முன்பே பிள்ளையோடு பேசிவிட வேண்டும். வீட்டில் தகரக் கூரையின் கீழுள்ள அறை ஒன்றைத் தவிர வேறு இடமில்லை என்றால், கூடு, விரிப்பு, தீனி எல்லாம் சிறந்தவையாக இருந்தாலும் எலி வளர்ப்பைத் தள்ளிப்போடுவதே அந்தப் பிராணிக்குச் செய்யும் நன்மை.

எல்லாம் பொருந்திவந்து வாங்கச் செல்லும்போது, எலியைக் காதருகே பிடித்து மூச்சைக் கேளுங்கள். சளி கொறகொறப்பதைப் போன்ற ஓசையோ இடைவிடாத தும்மலோ இருந்தால் அந்தக் கூட்டிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம். கண்ணோரத்தில் இரத்தம் போலச் சிவந்த கசிவு தெரிந்தால், அது போஃபிரின் என்ற சுரப்பு. உடல்நலக் குறைவு அல்லது மன அழுத்தத்தின் அடையாளம். கொழும்பிலோ கண்டியிலோ வாங்கினால், விடிவதற்குள் திருகோணமலை வந்து சேரும்படி இரவில் கொண்டுவாருங்கள். வழியில் தண்ணீர்ப் போத்தல் ஒழுகி விரிப்பை நனைத்துவிடும் என்பதால், பெட்டிக்குள் தடிப்பாக வெட்டிய வெள்ளரித் துண்டுகளை வைத்தால் தாகத்துக்கு அதுவே போதும்.